ஹால்வென் பங்குக்கு ஒரு சிவப்பு அட்டை

ஆண்டுக்கு இரண்டு முறை அழகேசனுக்கு வயிறு எரியும். மே மாதத்தில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை. இரண்டுமே அவருடைய சகலை தங்கராஜுவின் வங்கிக் கணக்கில் ஹால்வென் கம்பெனியின் ஈவுத்தொகை வந்து விழுகிற மாதங்கள். பணம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, இரண்டு குடும்பத்தையும் ரேஸ் கோர்ஸ் ரோட்டு மீன்தலைக் கறிக் கடைக்குத் தங்கராஜு அழைத்துப் போவான். வரவில்லை என்று சொல்லவும் வழியில்லை. தங்கராஜுவின் மனைவி இந்துமதியும் அழகேசனின் மனைவி வசுமதியும் கூடப்பிறந்தவர்கள். அக்காள் இல்லாத விருந்து தங்கைக்கு இறங்காது. ஆகவே அழகேசன் போவார், சாப்பிடுவார், வீடு திரும்பும்போது குழம்பில் காரம் ஜாஸ்தி என்பார்.

காரமாவது மண்ணாவது. விஷயத்தைக் கேட்டால் உங்களுக்கே கொஞ்சம் எரியும். ஹால்வென் என்பது விமானங்களுக்கும் ராணுவ வண்டிகளுக்கும் உறுப்புகள் செய்கிற கம்பெனி. லோயாங்கில் இருக்கும் அதன் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் தரச்சோதனைப் பிரிவில் நின்றவர் அழகேசன். விமானம் இறங்கும்போது மொத்த எடையையும் தாங்குகிற சக்கரக் கால்கள் அவர் அளந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாசலைத் தாண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓய்வுபெற்றபோது கம்பெனி அவருக்கு ஒரு கேக்கும் ஒரு கைக்கடிகாரமும் கொடுத்தது. கேக்கை அன்றைக்கே வெட்டிவிட்டார்கள். கடிகாரம் எட்டு மாதம் ஓடியது.

தங்கராஜு பேருந்து ஓட்டுகிறவன். ஹால்வென் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் போனஸ் வரும்போதெல்லாம் ஆயிரம், ஐந்நூறு என்று வாங்கிச் சேர்த்து, இப்போது முப்பதாயிரம் ஹால்வென் பங்குகள் வைத்திருக்கிறான். அழகேசனிடமும் ஒரு காலத்தில் பன்னிரண்டாயிரம் பங்குகள் இருந்தன. ஊழியர்களுக்குக் கம்பெனியே கொடுத்தவை. டாலரை வெள்ளி என்கிற ஊரில், பங்கு ஒன்று ஒரு வெள்ளி பத்துக் காசுக்குப் போனபோது மொத்தத்தையும் விற்றுக் கார் வாங்கினார். கார் பத்து வருடத்தில் பழைய இரும்புக்குப் போய்விட்டது. பங்கின் விலை இன்றைக்கு மூன்று வெள்ளி நாற்பது காசு.

அந்தச் செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போலவே நடந்தது. மீன்தலை வந்ததும் தங்கராஜு கரண்டியால் கன்னப்பகுதியை நோகாமல் பெயர்த்து அழகேசனின் இலையில் வைத்தான். மீன்தலையில் அதுதான் ருசி. ஒவ்வொரு தடவையும் அதை அவருக்குத்தான் வைப்பான்.

"ஹால்வென் விருந்து லா அண்ணே. நல்லா சாப்பிடுங்க."

என் கம்பெனிப் பெயரைச் சொல்லி எனக்கே சோறு போடுகிறான் பார் என்று அழகேசன் மனதுக்குள் பொரிந்தார். கன்னம் வெண்ணெயாகக் கரைந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"காரம் ஜாஸ்தி," என்றார்.

திரும்பும் ரயிலில் வசுமதி பேச்சை எடுத்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு மருத்துவமனைச் சமையலறையில் நோயாளிகளுக்கான தட்டுகளை அடுக்குகிற வேலை. காலை ஏழு மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை நின்றுகொண்டே செய்ய வேண்டும். இடது முழங்கால் வீங்கி ஒரு வருடமாகிறது. ஜூரோங் ஈஸ்டில் ரயில் மாறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் ஒவ்வொரு படியாக இறங்க, அழகேசன் முன்னால் போய் நின்று, தங்கராஜுவை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"என் இன்ஷூரன்ஸ் முடிஞ்சு எழுபதாயிரம் வந்துச்சுல்ல," என்றாள், வீட்டுக்குப் போகிற புக்கிட் பாத்தோக் ரயிலில் உட்கார்ந்ததும். "அதுல ஹால்வென் பங்கு வாங்கலாம்னு பாக்கறேன். மாசக் கணக்குக்குப் பாத்தா இருநூத்தி எழுபது வெள்ளி டிவிடெண்ட் வருமாம். அது வந்தா நான் அரைநாள் வேலைக்கு மாறிக்குவேன். கால் தாங்கலங்க."

"யாரு சொன்னா? தங்கராஜுவா?"

"அவரு வாங்கச் சொல்லல. அவருக்கு எவ்வளவு வருதுன்னு இந்து சொன்னா, அவ்வளவுதான். யாரு சொல்லியும் நான் வாங்க மாட்டேன். நீங்க அங்க இருபத்தேழு வருஷம் இருந்தவரு. நீங்க பாத்துச் சரின்னா வாங்கறேன், வேணாம்னா விட்டுடறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க. அடுத்த வருஷத்துக்கு முழுநாளா அரைநாளான்னு மைமூன் ஃபாரம் கொடுத்திருக்கா."

மைமூன் அந்தச் சமையலறையின் மேற்பார்வையாளர். நல்லவள்தான், ஆனால் அவள் கையில் இருப்பது ஒரு ஃபாரமும் ஒரு தேதியும்தான்.

அழகேசன் தலையாட்டினார். அந்த வீட்டில் அவர் பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. தொழிற்சாலையில் குறையுள்ள உறுப்பில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டுவார்கள். கட்டியவரே அதன் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவிழ்க்கும்வரை, முதலாளியே வந்தாலும் அந்தப் பொருளைத் தொடக்கூடாது. ஓய்வுபெறும்போது ஞாபகத்துக்கு ஒரு கட்டு அட்டையை அழகேசன் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். விளையாட்டாகத் தொடங்கியது குடும்ப வழக்கமாகிவிட்டது. ஷாக் அடித்த ரைஸ் குக்கருக்கு ஒன்று கட்டினார், அன்றைக்கே அது குப்பைக்குப் போனது. தங்கராஜு வாங்கவிருந்த பழைய காரின் கண்ணாடியில் ஒன்று மாட்டினார். அவன் மறுபேச்சுப் பேசாமல் முன்பணத்தை விட்டுக்கொடுத்தான். மகள் இனியா மட்டும் சிரிப்பாள். அவளும் ஒரு நாள் சிவப்பு அட்டை போட்ட செருப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

மறுநாள் காலை அழகேசன் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் போய் உட்கார்ந்தார். ஹால்வென் நிறுவனத்தின் ஐந்து வருட ஆண்டறிக்கைகளை அச்சடித்து எடுத்துப் போயிருந்தார். உள்ளே குறை இருந்தால் கண்டுபிடிக்காமல் எழுந்திருக்கிற ஆள் இல்லை அவர். அவருக்குக் குறை வேண்டியிருந்தது. மனிதர் மூன்று நாள் வேண்டிக்கொண்டு படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் லாபம். ஒரு பங்குக்கு இருபத்தைந்து காசு சம்பாதித்து அதில் பதினாறு காசைப் பங்குதாரருக்குக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் ஒன்பது காசு கம்பெனிக்குள்ளேயே நிற்கிறது. சம்பாதித்ததற்கு மேலே அள்ளிக் கொடுத்துப் பெயர் வாங்கவில்லை. சே, என்றார்.

அடுத்தது கடன். ஐந்து வருடத்தில் பாதியாகக் குறைந்திருந்தது. விமானங்கள் எல்லாம் தரையில் முடங்கிக் கிடந்த கொரோனா வருடத்தைத் தேடிப் போனார். அந்த வருடம் கொடுத்திருக்கவே முடியாது என்று நம்பினார். ஈவுத்தொகையைப் பாதியாக்கினார்களே தவிர நிறுத்தவில்லை. பயணிகள் விமானத்தில் விட்டதை ராணுவ வண்டிகள் தாங்கிப் பிடித்திருந்தன. கையில் இருக்கிற ஆர்டர் மட்டும் நாலு வருட வேலைக்குக் காணும். ஒவ்வொரு நல்ல எண்ணும் மனிதரைக் கிள்ளியது. இந்த எண்கள் சரி என்றால் தங்கராஜு புத்திசாலி, ஒரு வெள்ளி பத்துக் காசுக்கு விற்றவர் முட்டாள். அது மட்டுமா? வசுமதி வாங்கினால், ஒவ்வொரு மே மாதமும் செப்டம்பர் மாதமும், என் தங்கச்சி வீட்டுக்காரராலதான் என் காலு தப்பிச்சது என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். ஆயுசுக்கும் அதைக் கேட்க வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை, ஆயுதம் செய்கிற கம்பெனி, அந்தக் காசு நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தார். நினைத்த வேகத்தில் அவருக்கே வெட்கமாகப் போயிற்று. அந்தக் காசில்தான் இருபத்தேழு வருடம் அரிசி வாங்கினார், வீட்டுக் கடன் கட்டினார், இனியாவைப் படிக்க வைத்தார். இப்போது மட்டும் மனசாட்சி எங்கிருந்து வந்து குதிக்கும்?

மூன்றாம் நாள் கிடைத்தது. லாபம் என்பது ஏட்டில் எழுதுவது. கையில் உண்மையாக வந்த ரொக்கம் எவ்வளவு என்று வேறொரு பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தில், கடந்த வருடம் வந்த ரொக்கத்தைவிடக் கொடுத்த ஈவுத்தொகை அதிகமாக இருந்தது. வெறும் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு, கம்பெனி வட்டிக்கு வாங்கி ஊருக்குச் சோறு போடுகிற மாதிரி தெரியும். அழகேசன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று நாளில் முதல் தடவையாகப் பசித்தது.

ஆனால் அவர் வெறும் கண்ணால் பார்க்கிறவர் இல்லையே. ரொக்கம் எங்கே போயிற்று என்று அறிக்கையின் பின்பக்கத்துக் குறிப்பு சொன்னது. புது ஆர்டருக்கு டைட்டானியம் கட்டிகளை முன்கூட்டியே வாங்கிக் கிடங்கில் அடுக்கியிருக்கிறார்கள். பொருள் கைக்கு வந்ததும் பணம் தருவதாக வாடிக்கையாளர் கையெழுத்தும் போட்டாயிற்று. ஒவ்வொரு பெரிய ஆர்டர் தொடங்கும்போதும் இப்படித்தான் நடக்கும். கிடங்கில் நடக்க இடமில்லாமல் கட்டிகள் கிடக்கும், அடுத்த இரண்டு வருடம் ஓவர்டைம் கொட்டும். அதை இருபத்தேழு வருடத்தில் நான்கு தடவை கண்ணால் பார்த்தவர் அழகேசன். அது குறையே இல்லை, நல்ல சேதி.

அவர் அந்தக் குறிப்பு இருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போது சின்னராசு ஞாபகம் வந்தான். ஹால்வென்னில் கடைசல் இயந்திரம் ஓட்டியவன். அழகேசனை முகத்துக்கு நேராகவே ஏசியவன், ஒரு முறை அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் தட்டிவிட்டவன். பதினோரு வருடம் அவன் செய்த உறுப்புகளை அழகேசன் அளந்தார். ஒன்றில்கூடக் கோபத்துக்காக அட்டை கட்டியதில்லை. அளவு சரியாக இருந்தால் சரி, அவ்வளவுதான். அந்த ஞாபகத்தை அவர் துரத்திவிட்டார். இது தொழிற்சாலை இல்லை, குடும்பம் என்று சொல்லிக்கொண்டார். நாம் நமக்கே சொல்லிக்கொள்கிற சமாதானங்களுக்கு யார் அட்டை கட்டுவது?

அன்று மாலை வசுமதி வேலையிலிருந்து வந்து, காலை ஸ்டூலில் நீட்டி, வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழகேசன் ரொக்கப் பக்கத்தை மட்டும் காட்டினார்.

"வர்றத விட ஜாஸ்தி கொடுக்கறான். இது எத்தன நாளைக்கு?"

"அப்படின்னா?"

"அப்படின்னா, ஒரு நாள் நிறுத்திடுவான். அன்னைக்குப் பங்கு விலையும் விழும். போட்ட காசு பாதியாயிடும்."

வசுமதி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எண்கள் புரியவில்லை, அவருடைய முகம் புரிந்தது. அல்லது புரிந்ததாக நினைத்தாள். வெந்நீர்ப் பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"சிவப்பா?"

"சிவப்புதான்."

அட்டையை எடுத்து, மேலே ஹால்வென் பங்கு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்த வில்லையால் அவரே ஒட்டினார். வசுமதி அதைப் படித்துப் பார்த்தாள்.

"சரி. முழுநாள்னே கையெழுத்துப் போட்டுடறேன். காசு பேங்க்லயே கிடக்கட்டும்," என்றாள். எழுந்து நின்றபோது மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

வாயைத் திறக்க அதுதான் நேரம். திறக்கவில்லை. அன்று இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

பத்து நாள் நன்றாகத்தான் போயிற்று. வயிறு எரியவில்லை. தங்கராஜுவை நினைத்தால் ஒரு மாதிரி இரக்கம்கூட வந்தது. பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தேக்காச் சந்தையில் வாங்கிய நண்டுப் பையோடு தங்கராஜு வந்து நின்றான். தனியாக வந்திருந்தான்.

"அக்கா, நண்டு உயிரோட இருக்கு, பாத்து," என்று பையை வசுமதியிடம் கொடுத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தான். வசுமதி சமையலறைக் குழாயடியில், இடது முழங்காலை ஸ்டூலில் ஊன்றி ஒற்றைக் காலில் நின்று நண்டைக் கழுவத் தொடங்கினாள். அரசாங்க அடுக்குமாடிக் கழக வீட்டில் சமையலறை எங்கே, கூடம் எங்கே? எல்லாம் எல்லார் காதிலும் விழும்.

"அண்ணே, ஒங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றான் தங்கராஜு.

"எதுக்கு?"

"ஹால்வென்னுக்கு நீங்க சிவப்பு அட்ட போட்டுட்டீங்கன்னு அக்கா இந்துகிட்ட சொன்னாங்களாம். நாளைக்குக் காலைல பங்குச் சந்தை தொறந்ததும் மொத்தத்தையும் வித்துடறேன்."

அழகேசன் எதிர்பார்த்த வெற்றி, எதிர்பார்க்காத அளவில், நண்டோடு வீட்டுக்கே வந்துவிட்டது. கேட்டதும் உள்ளே ஏதோ துள்ளியது. மறைப்பானேன்? துள்ளத்தான் செய்தது.

"நீ கணக்கப் பாத்தியா?" என்று கேட்டார்.

"எனக்கு எங்கண்ணே அதெல்லாம் தெரியும்? நான் வாங்குனதே ஒங்களப் பாத்துதான."

"என்னப் பாத்தா?"

"இனியா காதுகுத்து ஞாபகம் இருக்கா? கேலாங் சிவன் கோயில்ல. பந்தியில எம் பக்கத்துல ஒக்காந்து அரை மணி நேரம் பேசுனீங்க. முடி மாதிரி ஒரு கீறலு, எண்பதாயிரம் வெள்ளி சாமான், மேனேஜர் கெஞ்சுறான், நீங்க அட்டைய அவுக்க மாட்டேன்னுட்டீங்க. நான் அன்னைக்கு நெனச்சேன், இப்படி ஒரு ஆளு வாசல்ல நிக்கற கம்பெனி கெட்டுப் போகாதுன்னு. அடுத்த வாரமே ஆயிரம் பங்கு வாங்குனேன். இந்துகிட்ட இருந்த காசு அதுதான், சண்ட போட்டா."

அழகேசனுக்கு அந்தப் பந்தி ஞாபகம் இருந்தது. தங்கராஜு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இல்லை.

"அதனாலதான் டிவிடெண்ட் வந்தா ஒங்களச் சாப்புடக் கூட்டிட்டுப் போறது," என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு. "அது ஒங்க ஒழைப்புல வர்ற காசு. பாதியக் கையில கொடுத்தா வாங்க மாட்டீங்க. அந்தக் கன்னத்தையாச்சும் ஒங்க எலையில வைக்கலாம்னு."

அழகேசன் எண்ணிப் பார்த்தார். எத்தனை மீன்தலை, எத்தனை கன்னம். ஒவ்வொன்றையும் பகட்டு என்று விழுங்கியிருக்கிறார். அந்த நேரத்திலும் பாருங்கள், இந்த நல்ல மனசும் இவனுக்கேதான் வாய்க்க வேண்டுமா என்று ஒரு பொறாமை புதிதாகக் கிளம்பியது. அதுதான் அவரை உலுக்கியது. இனிமேல் இவனிடம் பொறாமைப்பட ஒன்றும் பாக்கியில்லை, எல்லாவற்றுக்கும் பட்டாயிற்று என்று தெரிந்தது.

குழாயை மூடும் சத்தம் கேட்டது. வசுமதி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி நின்றாள். உலகத்து விமானங்களுக்கெல்லாம் கால் சோதித்த மனிதர், பத்தடி தூரத்தில் இருந்த அந்தக் காலை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். முழங்கால் இரண்டு மடங்கு இருந்தது.

அவர் எழுந்துபோய்க் குளிர்பதனப் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்தார்.

"அண்ணே?" என்றான் தங்கராஜு.

அட்டையின் பின்பக்கத்தில் மூன்று வரிகள் உண்டு. அவிழ்ப்பதற்கான காரணம், சரிசெய்ய என்ன செய்வது, சாட்சி. முதல் வரியில் அழகேசன் எழுதினார்: பொருளில் குறை இல்லை. அளந்தவனுக்குப் பொறாமை. கையெழுத்துப் போட்டார். பத்து நாளாகச் சட்டைக்குச் சட்டை பை மாற்றி வைத்திருந்த மடித்த தாளையும் எடுத்து, இரண்டையும் கொண்டுபோய் வசுமதியிடம் நீட்டினார். சாட்சி அவள்தான் போட வேண்டும்.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படித்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள்.

"இது எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"ஒட்டும்போதே."

"நான் முழுநாளுன்னு கையெழுத்துப் போடறேன்னு சொன்னப்பவும் தெரியும்."

"தெரியும்."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். தங்கராஜு எட்டிப் பார்த்துப் படித்தான்.

"எம் மேலயா அண்ணே? எங்கிட்ட என்ன இருக்கு?"

"நாளைக்கு விக்காத," என்றார் அழகேசன். "கம்பெனி நல்லா இருக்கு. நாலு வருஷ வேலை கையில இருக்கு. தோத்துட்டேன்னு நீ சொல்லி, அத உன் வாயால கேக்கணும்னு இருந்தேன். அவ்வளவுதான்."

தங்கராஜு கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "சரிண்ணே," என்று மட்டும் சொன்னான். நண்டுக்கு இருக்கச் சொல்லி வசுமதி கூப்பிட்டும் இருக்கவில்லை.

கதவு மூடியதும் வசுமதி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மைமூன்கிட்ட ஃபாரம் கொடுத்து ஒரு வாரமாச்சு. திருப்பிக் கேட்டா கொடுக்க மாட்டா. ஒண்ணு மட்டும் சொல்லியிருக்கா, மிச்ச நேரத்துக்கு நீயே ஒரு ஆளக் கொண்டு வந்தா, எப்ப வேணும்னாலும் அரைநாளா மாத்தித் தரேன்னு. ஆளுக்கு நான் எங்க போவேன்னு விட்டுட்டேன்." அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "நடுவுல ஒரு வரி காலியா இருக்கே. சரிசெய்ய என்ன செய்யணும்னு யாரு எழுதணும்?"

"பொருளு யாருதோ அவங்க," என்றார் அழகேசன்.

"பேனா கொடுங்க."

இரண்டாம் வரியில் அவள் எழுதினாள்: பதினொன்றரை முதல் நாலு வரை அழகேசன் நிற்பார். மூன்றாம் வரியில் கையெழுத்துப் போட்டாள். அட்டையைத் திரும்பவும் அதே கதவில், பின்பக்கம் தெரியும்படி ஒட்டினாள். பிறகு நண்டைக் குழம்பு வைக்கப் போனாள்.

அந்த வாரமே வசுமதி ஹால்வென் பங்கு வாங்கினாள். இடைப்பட்ட நாளில் விலை மூன்று வெள்ளி அறுபத்திரண்டு காசுக்கு ஏறியிருந்தது. அந்த இருபத்திரண்டு காசை அவள் சொல்லிக் காட்டவில்லை. அவர்தான் ஒவ்வொரு நாளும் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்த மாதத்திலிருந்து, தினமும் பதினொன்றரைக்கு, தலையில் வலைத்தொப்பியோடு அழகேசன் தட்டு வரிசையின் முன்னால் நின்றார். அதே நிமிடம் வசுமதி ஏப்ரனைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேருந்துக்குப் போய்விடுவாள். வந்த முதல் வாரமே உப்பில்லாத கஞ்சித் தட்டில் ஊறுகாய் பாக்கெட் இருக்கிறது என்று வரிசையை நிறுத்தினார். "அங்கிள், இது ராக்கெட் இல்ல லா," என்றாள் மைமூன். இரண்டாவது வாரத்தில் அவருடைய கணுக்காலும் வீங்கியது. நான்கு மணிவரை நிற்பது என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வரிசையில் ருக்கையா என்ற பெண் அவரைவிட வேகமாக அடுக்குவாள். அவளைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் எரிந்தது. எரியாமல் இருக்குமா, அது அவருடைய சுபாவம்.

மே மாதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, அதே ரேஸ் கோர்ஸ் ரோடு, அதே மேசை. தங்கராஜு வரத் தயங்குவான் என்று அழகேசன் பயந்தார். அவன் எல்லாருக்கும் முன்னால் வந்து இடம் பிடித்திருந்தான். மீன்தலை வந்ததும் பழக்கத்தில் கரண்டியை எடுத்தான்.

"தங்கராஜு, கரண்டியக் கீழ வைங்க," என்றாள் வசுமதி. "இன்னைக்கு என் கணக்கு."

முதல் ஈவுத்தொகை ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வெள்ளி வந்திருந்தது. கரண்டியை அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு பக்கத்துக் கன்னத்தைப் பெயர்த்துத் தங்கராஜுவின் இலையில் வைத்தாள். தலையைத் திருப்பி, மறுபக்கத்துக் கன்னத்தை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டாள். அழகேசனின் இலையில் குழம்பை மட்டும் ஊற்றினாள்.

அழகேசன் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். வயிறு எரிந்தது. மேசைக்கு அடியில் கணுக்கால் விண்விண்ணென்று தெறித்தது.

வசுமதி அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"காரம் எப்படிங்க?"

"சரியா இருக்கு," என்றார்.